தாழ்ந்த வானத்தைக் காணும் சிறிய ரேடார்

விடியற்காலையில் தெருவில் பாவினை நீட்டிக் கஞ்சி தோய்த்துவிட்டு வானத்தை நோக்கும் நெசவாளருக்கும், களத்தில் நெல்லைப் பரப்பியிருக்கும் விவசாயிக்கும் கவலை ஒன்றே. "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்" என்ற அறிவிப்பு பொய்யன்று. ஆயினும் அந்த ஓரிடம் நம் தெருவா, அடுத்த ஊரா என்பதை அது கூறுவதில்லை. அரை மணி முன்னதாகத் தெரிந்தாற்கூடப் பாவினைச் சுருட்டலாம், நெல்லைக் குவித்து மூடலாம். இக்குறையைத் தீர்க்க விஞ்ஞானிகள் செய்துள்ள ஒரு முயற்சியை நமது அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

ரேடியோ அலைகளை வானில் செலுத்தி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு மழையின் இருப்பிடத்தை அறியும் கருவியே ரேடார். சென்னைத் துறைமுகத்தில் 2002-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பெரிய ரேடார் 10 சென்டிமீட்டர் அலையைக் கொண்டது. கடலில் நெடுந்தொலைவில் வரும் புயலைக் கண்டறிய இத்தகையதே ஏற்றது. ஆனால் பூமியோ உருண்டை. அலையோ ஏறக்குறைய நேராகச் செல்வது. அரைப் பாகை சாய்வில் அனுப்பிய அலை 100 கிலோமீட்டர் தொலைவில் தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்திலும் போய்விடுகிறது. அதற்குக் கீழே நிகழ்வதை அது காண்பதில்லை. பயிரைச் சாய்க்கும் காற்று வீசுவதோ அந்தத் தாழ்ந்த வானத்தில்தான்!

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல கல்வி நிலையங்கள் ஒன்றுகூடி, 2006-ஆம் ஆண்டில் ஓக்லஹாமா மாநிலத்தின் தென்மேற்கில் நான்கு சிறிய ரேடார்களை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இடைவெளியில் நிறுவின. பெரிய ரேடாரின் வட்டில் எட்டு மீட்டருக்கு மேல் அகலமானது. இவற்றினுடையதோ சுமார் 1.2 மீட்டர்தான். அலையும் 3 சென்டிமீட்டர். அலை குறுகக் குறுக, சிறு துளியும் அதனை வலுவாகத் திருப்பியனுப்பும். ஒரே துளி, 10 சென்டிமீட்டர் அலையைவிட 3 சென்டிமீட்டர் அலையை நூறு மடங்குக்கு மேல் சிதறச் செய்கிறது. ஆகவே குறைந்த சக்தியிலேயே தூறலும் புலப்படுகிறது.

குறையும் உண்டு. பெருமழை இந்தச் சிற்றலையை விழுங்கிவிடும். அம்மழைக்குப் பின்னே உள்ளது மறைந்துபோகும். அப்போது மறுபுறத்திலிருந்து பார்க்கும் அண்டை ரேடார் கைகொடுக்கிறது. தனியொன்றாக நிறுத்தினால் பயன் பாதிதான்; கூட்டாகப் பணிபுரிவதே இதன் பலம். சங்கம் நடத்தும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை!

ஜப்பானில் ஒஸாகா பல்கலைக்கழகத்தில் 2012-ஆம் ஆண்டு வைத்த ரேடார், மேலும் கீழும் வட்டிலை அசைக்காமல் மின்முறையிலேயே அலையைத் திருப்பி, அரை நிமிடத்தில் சுற்றுவட்ட வானத்தை அடி முதல் முடி வரை பார்த்துவிட்டது. பழைய முறையில் இதற்குப் பல நிமிடங்கள் செல்லும்.

சென்னையை அடுத்த பள்ளிக்கரணையிலும் 3 சென்டிமீட்டர் அலை ரேடார் ஒன்று 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பெற்றது. துறைமுகத்து ரேடார் புயலைத் தொலைவில் காண, இது அண்டைய மழையைக் காண்கிறது. ஆனால் உள்நாட்டு நெசவூர்களின் தாழ்ந்த வானம் இதன் பார்வைக்கு எட்டாது. அங்கங்கே ஒன்று வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடம், மின்சாரம், பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டும். கருவி சிறிதாயினும் எண்ணிக்கையால் செலவு பெருகும் என்பதையும் மறைப்பதற்கில்லை.