நோய் வேறு, பழி வேறு: டாக்டர் சுனிதி சாலமனின் ஆய்வுப் பணி

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலைப் பக்கம் ஏல விவசாயிகள் நன்கறிந்த ஒன்று கட்டே நோய். அது ஒரு வைரஸால் வருவது. அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. நோய் கண்ட செடியை விவசாயி வைவதில்லை. நோய் வந்த வழியை ஆராய்கிறார்; பின்னர் அச்செடியைப் பிடுங்கி எறிகிறார். மனிதர்க்குப் பால்வினை நோய் வந்தால் நாம் இதில் பாதியைத்தான் செய்கிறோம். வந்த வழியை ஆராய்வதில்லை. பிடுங்கி எறிதலை மட்டும் மறப்பதில்லை.

இப்போக்கின் தவற்றை எடுத்துக்காட்டிய ஆய்வு நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. 1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. அது மேலைநாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் விளைந்தது, நம் நாட்டை அணுகாது என்பதே அந்நாளில் பலரது எண்ணம். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், எண்ணத்தை நம்பாமல் சோதனையை நம்பினார். தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இப்பொருளில் ஆய்வு செய்யத் தூண்டினார்.

பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். 1986 பிப்ரவரியில் அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலைசா முறையில் சோதிக்கப்பட்டன. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பின், இச்சோதனையில் நிறம் தோன்றும். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. மறுசோதனையும் அதையே காட்டிற்று. அமெரிக்காவில் செய்த சோதனை அதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டென்பது இவ்வாறே வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

இதன் பின் நேர்ந்தது வேதனைக்குரியது. தொற்று கண்ட பெண்கள் சிலர், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் நோயைக் காரணம் காட்டி அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே, 1990இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. நாட்டை எச்சரித்தது அவர்களுடைய இரத்தம். நாடு அவர்களுக்குத் தந்த கைம்மாறு பூட்டிய கதவு.

சுனிதி சாலமன் கண்டறிதலோடு நின்றுவிடவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பிறர் தொடவும் அஞ்சிய நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். அங்கு வந்த பெண்களை ஆராய்ந்தபோது பெரும் உண்மை ஒன்று புலப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கணவனையன்றி வேறெவரையும் அறியாத இல்லத்தரசிகள். திருமணம் ஒன்றே அவர்களுக்கு நோய் வந்த வழி. கற்பைக் காத்த பெண்ணையும் கிருமி விட்டுவைக்கவில்லை எனில், நோயைக் கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தை அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆதாரமற்ற ஐயத்தைப் பாவமென உணர்த்தும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். 1995இல் அபூதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, அன்றாடப் பழக்கத்தால் இந்நோய் பரவாதென்பதால் தொற்றுடையோரை ஒதுக்கிவைத்தல் ஷரீஅத்தின்படி தேவையன்று என்றது. வேண்டுமென்றே நோயைப் பரப்புதல் ஹராம் என்றது. நோயாளிக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு என்பதே இதன் சாரம். நிகாஹுக்கு முன் தன் நிலையை மறைப்பவன் மணப்பெண்ணுக்கு அநீதி இழைக்கிறான். உரியவரிடம் அவன் சொன்னதை ஊருக்குப் பரப்புபவனோ அமானத்தைப் பாழாக்குகிறான்.

பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்பதால் விளையும் கேடு பெரிது. கருவுற்ற தாய்க்குச் சிகிச்சை இல்லையேல், நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றுப் பெறலாம். உரிய மருந்து தந்தால் இது 5க்கும் கீழே குறைகிறது. முறையாக மருந்துண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியே நோய் பரவுவதில்லை. சிபிலிஸ் போன்ற நோய்களின் புண்கள் எச்.ஐ.வி. நுழைய வாயிலாகின்றன, ஆதலின் அவற்றையும் மறைக்காமல் குணப்படுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். 2004 முதல் அரசு கூட்டு மருந்தையும் இலவசமாக வழங்கி வருகிறது. நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும், அவரைப் பாகுபடுத்தலாகாது என 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.

டாக்டர் சுனிதி சாலமன் 2015இல் மறைந்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. விருதினும் மேலாக அவர் விட்டுச் சென்றது ஒரு படிப்பினை. ஏலச் செடியைப் பிடுங்கி எறியலாம். அந்த இடத்தில் வேறொன்று நடலாம். மனிதரை அவ்வாறு எறிய நமக்கு உரிமை இல்லை. நம் மஹல்லாவில் ஒருவருக்கு இந்நோய் எனக் கேள்விப்பட்டால் "யாரால் வந்தது?" என்று கேட்பதை விடுத்து, "மருந்து கிடைக்கிறதா?" என்று கேட்போமாக.