சொல் நான்கா, எட்டா?

(ஆங்கில இலக்கணத் தொடர் – சொல் வகைகள்)

தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி ஐந்து இயல்களில் நான்கு இவற்றுக்குரியவை; நன்னூலிலும் இதே நான்கு பெயர்களில் இயல்கள் உண்டு. ஆங்கிலப் பாடநூல் இதே வேலைக்கு எட்டு வகை சொல்கிறது: நவுன், புரோநவுன், அட்ஜெக்டிவ், வெர்ப், அட்வெர்ப், பிரெபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். மதுரைப் பக்கத்து மேலூரிலோ வாடிப்பட்டியிலோ தமிழ் வழியில் படிக்கும் மாணவருக்கு இந்த எட்டும் புதிய பாடமாகவே வந்து சேர்கின்றன. தமிழ் வகுப்பில் படித்த நான்கும் இந்த எட்டும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எட்டு என்ற கணக்கு ஆங்கிலேயர் கண்டதல்ல. அலெக்சாந்திரியாவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டயோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொல்லை எட்டாகப் பகுத்தது. அந்த எட்டில் ஒன்றான ஆர்ட்டிகிள் (ஆங்கில ‘எ’, ‘தி’ போன்றது) லத்தீனில் கிடையாது. அந்த இடம் காலியானதும் ரோமானியர்கள் உணர்ச்சிச் சொல்லைத் தனி வகையாக்கி எட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அன்றைய எட்டில் அட்ஜெக்டிவ் தனியாக இல்லை, அது பெயருக்குள் அடங்கியிருந்தது. ஆங்கில இலக்கணக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் அதைப் பெயரிலிருந்து பிரித்தார்கள். பிறகு நெஸ்பீல்டின் நூல்களும் ரென்-மார்ட்டின் இலக்கணமும் இன்றைய எட்டை இந்தியப் பள்ளிகளில் நிலைநிறுத்தின. ஆகவே எட்டு என்பது இயற்கையின் விதியல்ல, ஒரு வசதிதான். 1985-இல் வெளியான குவர்க் குழுவினரின் பேரிலக்கணம், ஆர்ட்டிகிளையும் அதன் இனத்துச் சொற்களையும் ‘டிட்டர்மினர்’ என்ற தனி வகையில் வைக்கிறது.

நான்கு, எட்டு என்ற இந்த இரண்டு கணக்குகளும் மதுரை வட்டாரத்துக்குப் பழையவை. மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த வீரமாமுனிவர், ஐரோப்பியப் பாதிரிமார் பேச்சுத்தமிழைக் கற்பதற்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவரே தொன்னூல் விளக்கத்தைத் தமிழிலேயே, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்திலக்கண மரபில் செய்தார். கற்பவர் எந்த மொழியிலிருந்து வருகிறாரோ அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் பசுமலையில் 1881-இல் தொடங்கி மதுரை நகருக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரியும், 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கமும் ஒரே ஊரில் அருகருகே இயங்கின. ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு இலக்கணங்களும் தனித்தனி மணி நேரங்களில், ஒன்றையொன்று பார்க்காமலேயே நடக்கின்றன.

முதலில் நவுன். இது பெயர்ச்சொல்தான், வைகை, கோயில், மல்லிகை, அன்பு எல்லாம் இதில் அடங்கும். எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற பிரிவை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘தகவல்கள்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’ பன்மை ஏற்காது, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’ ஆகியவையும் அப்படியே.

புரோநவுனைத் தமிழ் பெயருக்குள்ளேயே அடக்குகிறது. நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘வி’ ஒன்றே. நீ, நீங்கள் இரண்டும் ‘யூ’. இங்கே ஆங்கிலம் எளிது. இடறுவது வேறு இடத்தில். ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் வந்தவர் யார் என்பதும் இருக்கிறது, ‘ஏன்’ விகுதி அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினை அப்படிச் சொல்லாது. ‘கேம்’ என்றால் வந்தது யாரும் ஆகலாம். அதனால் ‘ஐ’ கட்டாயம். எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதால், ‘மழை பெய்கிறது’ என்பதற்குக்கூடப் பொருளற்ற ஒரு ‘இட்’டை முன்னே நிறுத்தி ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள்.

வெர்பிலும் அதே வேற்றுமை தொடர்கிறது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம், காலம் ஐந்தையும் தன் உடம்பிலேயே காட்டும். ஆங்கில வினை காலத்தைக் காட்டும். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ போன்றவை நீங்கலாக, மற்றவற்றில் மிஞ்சியது நிகழ்காலப் படர்க்கை ஒருமையின் ‘ஸ்’ ஒன்றுதான். ‘ஹீ கோ’ என்று மாணவர் எழுதுவது கவனக்குறைவால் மட்டுமல்ல, எஞ்சிய அந்த ஒரே அடையாளம் கண்ணில் படாததால்தான். இன்னொன்று: ‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் முழு வாக்கியம், பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர் மட்டும் பயனிலை ஆகாது. ‘ஷீ இஸ் எ டீச்சர்’ என்று ‘இஸ்’ வந்தே ஆக வேண்டும்.

அட்ஜெக்டிவுக்கு நேரான வகை தமிழ் நான்கில் இல்லை. உரிச்சொல்லை அதற்கு ஈடாகச் சொல்வது பழகிவிட்டது; அது முழுக்கச் சரியல்ல. சால, உறு, தவ, நனி போன்ற உரிச்சொற்கள் மிகுதியைக் குறிப்பவை. ‘உறுபொருள்’ என்னும்போது பெயரைத் தழுவுகின்றன, ‘நனி தின்றான்’ என்னும்போது வினையைத் தழுவுகின்றன. இரண்டாவது இடத்தில் அவற்றுக்கு அட்வெர்பின் வேலை. ‘நல்ல’, ‘பெரிய’ போன்றவற்றைத் தமிழ் இலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்கிறது. ஆங்கிலத்தில் ‘குட்’, ‘பிக்’ அட்ஜெக்டிவ். ஆகவே மாணவர் அட்ஜெக்டிவைப் பெயரெச்சத்தோடும், அட்வெர்பைப் பெரிதும் ‘ஆக’ ஈற்றுச் சொற்களோடும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். ‘வேகமான பேருந்து’, ‘வேகமாகப் போகிறது’ என்பதில் ஆன, ஆக என்ற ஈறுகளே வகையைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘லி’ ஈறு அதற்கு உதவும், ஆனால் நம்ப முடியாது. ‘ஃபாஸ்ட்’ இரண்டு வேலையும் பார்க்கும். ‘ஃபிரெண்ட்லி’ என்பது அட்ஜெக்டிவ். ‘ஹார்ட்லி’ என்றால் கடினமாக என்று பொருளல்ல, அரிதாக என்று பொருள்.

பிரெபொசிஷனில்தான் நிதானம் வேண்டும், ஏனெனில் மற்ற எல்லா வகையையும்விடத் தமிழ் மாணவர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தமிழின் எட்டு வேற்றுமைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்கிறது. ‘உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு’ என்பதில் உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றன. ‘ஃபிரம் உசிலம்பட்டி டு மாட்டுத்தாவணி’ என்பதில் தனிச் சொற்களாகப் பெயருக்கு முன்னே நிற்கின்றன. இடம் மாறுவது எளிதில் பழகிவிடும். ஒரு உருபுக்கு ஒரு பிரெபொசிஷன் என்று பொருத்திக்கொள்வதே சிக்கல்.

‘இல்’ உருபை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மாட்டுத்தாவணியில் பேருந்து நிற்கிறது என்றால் ‘அட்’. மதுரையில் குடியிருக்கிறார் என்றால் ‘இன்’. மேசையில் பூ இருக்கிறது என்றால் ‘ஆன்’. ஒரு புள்ளியாக எண்ணும் இடத்துக்கு ‘அட்’, சுற்றி எல்லையுள்ள இடத்துக்கு ‘இன்’, மேற்பரப்புக்கு ‘ஆன்’ என்று தொடங்கலாம். ஆட்டோவில் இருந்தால் ‘இன்’, பேருந்தில் இருந்தால் ‘ஆன்’. ஏறி நிற்கவும் நடக்கவும் முடிகிற பெரிய ஊர்திக்கு ‘ஆன்’ வரும். அதே பேருந்தைப் பயண வழியாகச் சொன்னால் ‘பை பஸ்’. இந்த நான்கையும் தமிழின் ஒரே ‘இல்’ ஏற்றுக்கொள்கிறது.

எங்கே பிரெபொசிஷன் வரக் கூடாது என்பதற்கும் தமிழே துணை. ‘மதுரைக்கு வந்து சேர்ந்தோம்’ என்று நினைத்து மொழிபெயர்ப்பவர் ‘ரீச்’சுக்குப் பின் ‘டு’ போட்டுவிடுகிறார். ‘மதுரையை அடைந்தோம்’ என்று நினைத்தால் தவறு நேராது. ‘ஐ’ உருபு ஏற்கும் செயப்படுபொருளுக்கு ஆங்கிலத்தில் பிரெபொசிஷன் தேவைப்படுவது குறைவு. ‘டிஸ்கஸ்’ என்ற வினையும் ‘அபவுட்’டை ஏற்காது, ‘சிக்கலை விவாதித்தனர்’ என்ற வாக்கியத்தை மனத்தில் கொண்டால் அது விளங்கும். இந்த வழி எல்லா வினைக்கும் பொருந்திவிடாது. ‘பாட்டைக் கேட்டாள்’ என்பதற்கு ‘லிசன் டு’ என்றே வர வேண்டும். விதிவிலக்குகளை வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கன்ஜங்ஷன் தமிழில் இடைச்சொல்லின் பாற்பட்டது. ‘மல்லியும் பிச்சியும்’ என்று உம் ஒவ்வொரு பெயரிலும் ஒட்டும். ‘அண்ட்’ இரண்டுக்கும் நடுவே ஒருமுறைதான். ‘மழை பெய்தாலும் திருவிழா நின்றுவிடவில்லை’ என்பதில் இணைப்பு வினையின் ஈற்றில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஆல்தோ’ என்று வாக்கியத்தின் தலைக்கு வரும். அப்படி வந்தபின் ‘பட்’ வேண்டாம். ஒரு இணைப்புக்கு ஒரு சொல் போதும். இன்டர்ஜெக்ஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐயோ, அடடா போன்றவை; வாக்கியத்தின் கட்டமைப்பில் அவை சேர்வதில்லை.

எட்டையும் பார்த்தபின் ஒன்று தெளிவாகும். தமிழில் ஒரு சொல் எந்த வகை என்பதை அதன் ஈறு பெரும்பாலும் காட்டிவிடும். சொற்களை இடம் மாற்றி அடுக்கினாலும் பல நேரங்களில் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே வகையைத் தீர்மானிக்கிறது. ‘வாட்டர்’ என்றால் நீர், நவுன். ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்றால் செடிக்கு நீர் ஊற்று, வெர்ப். ‘ரவுண்ட்’ ஐந்து வகைகளில் வரும். ‘எ ரவுண்ட் டேபிள்’ என்பதில் அட்ஜெக்டிவ். போட்டியின் ஒரு சுற்றைக் குறிக்கையில் நவுன். தெருமுனையைத் திரும்பிக் கடப்பதைச் சொல்கையில் வெர்ப். ‘டர்ன் ரவுண்ட்’ என்பதில் அட்வெர்ப். மீனாட்சி கோயிலைச் சுற்றி நடப்பதை ‘வாக் ரவுண்ட் தி டெம்பிள்’ என்னும்போது பிரெபொசிஷன்.

அதனால் ‘ஒரு பொருளின் பெயர் நவுன்’ என்ற வரையறையை மட்டும் ஒப்பிப்பதில் பயன் குறைவு. ஒரு சொல்லைத் தனியே நீட்டி வகை கேட்பதும் சரியான கேள்வியல்ல. வாக்கியத்தில் வைத்தே கேட்க வேண்டும். ‘எ’, ‘தி’ இவற்றுக்குப் பின் நிற்க முடிகிறதா, ‘ட்’ சேர்ந்து இறந்தகாலம் ஆகிறதா, ‘வெரி’யை முன்னே ஏற்கிறதா என்று சோதித்தால் விடை கிடைக்கும். நல்ல ஆங்கில அகராதி ஒவ்வொரு வகையையும் தனி எண்ணிட்டு, தனிப் பொருளோடும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் தருகிறது. புதிய சொல்லைப் பார்க்கும்போது பொருளுக்கு முன்னால் அங்கே அச்சிடப்பட்டிருக்கும் வகைக் குறியீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.