நம் பஞ்சாயத்து: வண்டிப்பெரியார்

கோட்டயத்திலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில், பீர்மேட்டைத் தாண்டினால் வண்டிப்பெரியார் வரும். ஊரின் நடுவே பெரியாறு ஓடுகிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும்.

இந்த ஊருக்கு ஒரு கிராமப் பஞ்சாயத்து இருக்கிறது. பிளாக் அழுதா. தாலுகா பீர்மேடு. மாவட்டம் இடுக்கி. இடுக்கி மாவட்டம் 1972இல் உண்டானது. அதற்கு முன் இந்தப் பகுதி கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது.

இங்கே தமிழர்கள் எப்படி வந்தார்கள்? வெள்ளைக்காரத் துரைமார் இந்த மலைகளில் முதலில் காப்பி போட்டார்கள். காப்பிச் செடியில் நோய் விழுந்தது. பிறகு தேயிலை வைத்தார்கள். காட்டைத் திருத்தவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டும். கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். அவர்கள் தங்கக் கட்டியவைதான் லயங்கள்.

லயம் எஸ்டேட்டின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தருவதை நிர்வாகத்தின் கடமை ஆக்கியது. ஆனால் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. நிர்வாகமே இல்லாதபோது ஒழுகும் கூரையை யார் மாற்றுவது? லயம் தனியார் சொத்து என்பதால் பஞ்சாயத்தும் தன் விருப்பப்படி அதில் பணம் போட முடியாது. மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள் இங்கே உண்டு. இது பெரிய அநியாயம்தான்.

அடுத்தது ஆறு. ஊருக்கு மேலே முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. 1895இல் கட்டி முடிந்த அணை. மலையைக் குடைந்து, அதன் தண்ணீர் தேனி, மதுரைப் பக்கம் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரால். இங்குள்ள பலரின் சொந்தக்காரர்கள் அங்கே விவசாயம் செய்கிறார்கள். ஆனால் அணை நிரம்பி மதகு திறந்தால், தண்ணீர் வள்ளக்கடவு வழியாக வண்டிப்பெரியாருக்குத்தான் வரும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்தது. 2021 டிசம்பரில் இரவு நேரத்தில் மதகு திறந்தார்கள். மஞ்சுமலை, விகாஸ் நகர் பகுதிகளில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அணை பஞ்சாயத்தின் கையில் இல்லை. ஆனால் ஆற்றோரத்தில் யார் யார் இருக்கிறார்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் வார்டு மெம்பருக்குத் தெரியும். தெரியாவிட்டால் சொல்ல வேண்டியது நாம்தான்.

எங்கே சொல்வது? கிராம சபையில். கேரளத்தில் 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதைக் கூட்ட வேண்டும். கூட்டுவது மெம்பரின் பொறுப்பு. தொடர்ந்து இரண்டு முறை கூட்டாவிட்டால் அவருடைய பதவியே போகலாம்! ஆனால் பத்தில் ஒரு பங்கு வாக்காளர்களாவது வராவிட்டால் கூட்டம் செல்லாது. ஒரு நாள் கூலி போகுமே என்று நாம் வராமல் இருந்தால், வந்த சிலர் சொன்னதுதான் தீர்மானம். லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடில்லாதவர், நிலமில்லாதவர் பட்டியலைக் கிராம சபையில்தான் வாசித்தார்கள். விட்டுப்போன பெயரை அங்கேதான் கேட்க முடிந்தது.

கவி என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் ஏலத்தோட்ட வேலைக்காகக் குடியேறிய இடம். அங்கே போக வண்டிப்பெரியாரிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் கவி இருப்பது பத்தனம்திட்டா மாவட்டத்தில், சீதத்தோடு பஞ்சாயத்தில். அவர்கள் சந்தைக்கு இங்கே வரலாம். கிராம சபைக்கு அங்கேதான் போக வேண்டும்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையைத் தந்தது. பீர்மேடு தாலுகாவும் அப்படிப்பட்ட பகுதி. பதிலும் தமிழில் கேட்கலாம். மனுவில் உங்கள் பெயர், வார்டு எண், லயத்தின் பெயர், தேதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். கொடுத்ததும் ரசீது வாங்கி வையுங்கள்.