சட்டமே முதல், எஞ்சின் பிறகே!

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் பெரியோர். பழைய பந்தய மோட்டார் சைக்கிளை உருவாக்க விரும்பும் நண்பர்கள் இப்பழமொழியைப் பட்டறைக் கதவிலேயே எழுதி வைக்கலாம். அதை மறந்து நான் பெற்ற பாடத்தையே இங்குக் கூற விழைகிறேன்.

இந்த ஆசை நம் பகுதிக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் அவை இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறின. அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த நான், செங்கல்பட்டில் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் வண்டி கட்டித் தரக் கேட்டேன்.

எந்த எஞ்சின் என்பதே என் முதற் கேள்வி. திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350, 1983-இல் வந்த ராஜ்தூத் 350 இரண்டும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு கொண்டவை. புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. இரட்டைச் சிலிண்டர் ராஜ்தூத்திலோ 64, 54. பிஸ்டன் ஒரு சுற்றில் ஸ்ட்ரோக் தூரத்தை இருமுறை கடக்கும். நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. எனவே புல்லட்டின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 18 மீட்டரும், ராஜ்தூத்தின் பிஸ்டன் 10.8 மீட்டரும் ஓடும். புல்லட்டைச் சுற்றவைக்க எண்ணுவோர், பெரிய கார்புரேட்டருக்கு முன் கனெக்டிங் ராடையும் கிராங்க் பேரிங்கையும் கவனிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நான் புல்லட்டைத் தேர்ந்தேன். கையிருப்பு முழுவதையும் எஞ்சினுக்கே செலவிட்டேன். சட்டத்தை மட்டும் மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் மலிவாக வாங்கினேன். கறுப்பு வர்ணம் கண்ணாடிபோல் மின்னியது. காலி மைதானத்தில் ஓட்டியபோது, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஹேண்டில்பார் நடுங்கியது. மாமா கழுத்துப் பகுதியின் வர்ணத்தைச் சுரண்டினார். உப்புக்காற்று குழாயை அரித்திருந்தது. வெல்டிங்கில் மயிரிழை விரிசல்!

"எஞ்சினுக்குப் பணம் கொடுத்தியே, உன் உயிருக்கு ஏன்டா கொடுக்கல?" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

சட்டம் வாங்குவோர் செய்ய வேண்டியவை சில. கழுத்து, பின் ஸ்விங் ஆர்ம் பொருந்துமிடம், நீர் தேங்கும் அடிக்குழாய் ஆகியவற்றில் வர்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள். சிறு சுத்தியால் தட்டினால் நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். இரு சக்கரங்களையும் ஒட்டி நூல் பிடித்தால் கோணல் தெரியும். கோன்செட்டில் ஆட்டம் கூடாது. சட்ட எண் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

சட்டத்தின் பெருமைக்கு உலகச் சான்றும் உண்டு. 1950-இல் நார்ட்டன் நிறுவனம் தன் பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை, மெக்காண்ட்லெஸ் வடிவமைத்த 'ஃபெதர்பெட்' சட்டத்தில் பொருத்தியது. அவ்வாண்டே ஜெஃப் டியூக் அதில் ஐல் ஆஃப் மேன் சீனியர் பந்தயத்தை வென்றார். பின்னாளில் பலர் அச்சட்டத்தில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்தி 'டிரைட்டன்' என்றழைத்தனர். எஞ்சின் மாறிற்று; சட்டம் நிலைத்தது.

இப்போது வேறொரு சட்டம் பட்டறையில் நிற்கிறது. எஞ்சின் இன்னும் ஏறவில்லை, அவசரமும் இல்லை. ஏறிய பின்னும் அது ஓடுமிடம் பந்தயத் தடமே. கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று.