பரணில் கிடக்கும் துப்பாக்கி

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். ஜில்லாக் கலெக்டர் ஆபீஸ் அங்கேதான். பட்டா, பென்ஷன் என்று மனுவும் கையுமாக ஜனங்கள் வருவார்கள். துப்பாக்கி லைசென்ஸ் தருகிற அதிகாரமும் கலெக்டருக்கே உண்டு.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர் மீது வழக்கு நடத்தவேண்டுமா? அதற்கும் இதே கலெக்டர், ஜில்லா மாஜிஸ்திரேட் என்ற முறையில் முன் அனுமதி தரவேண்டும். ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

மலையில் காவல்

இதே ஜில்லாவில்தான் ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கே சாமை விளைகிறது. இரவானால் காட்டுப்பன்றி வந்து கொல்லையை உழுதுவிட்டுப் போகும். காவலுக்கென்று சிலர் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுவது அது. ஒரு வெடி வெடித்தால், மறுபடியும் கெட்டிக்க வேண்டும்.

"பாட்டன் வைத்திருந்தார், அப்பன் வைத்திருந்தார், நானும் வைத்திருக்கிறேன். இதில் என்ன தப்பு?" என்று கேட்கத் தோன்றும். சட்டம் ஒப்புக்கொள்ளாது. அதன் கண்ணில் அதுவும் துப்பாக்கிதான்!

ஏறிய தண்டனை

வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டான். சுதந்திர இந்தியா அதை மாற்றி 1959-ல் புதுச் சட்டம் செய்தது. 1962 அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது.

லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு குறைந்தது 1 ஆண்டு, அதிகம் போனால் 3 ஆண்டு ஜெயில். 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு, அபராதமும் உண்டு. தக்க விசேஷக் காரணத்தை எழுதி வைத்து நீதிபதி 2 ஆண்டுக்குக் குறைவாகவும் விதிக்கலாம். கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்து விற்பவருக்கோ 7 ஆண்டு முதல் ஆயுள் வரை!

சினிமா நட்சத்திரமும் தப்பவில்லை. ஏ.கே.56 துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் இந்தி நடிகர் சஞ்சய் தத்துக்கு 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு 5 ஆண்டு என்று உறுதி செய்தது. 2016-ல்தான் அவர் விடுதலையானார்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை. ஆனால் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் போன்ற சிலர் அதைத் தொடவே கூடாது. தொட்டால் மத்திய சர்க்கார் சட்டப்படி 15 ஆண்டு வரை ஜெயில். 2022-க்கு முன் அது 10 ஆண்டாக இருந்தது. அங்கே உரிமை, சிலருக்குத் தடை. இங்கே தடை, சிலருக்கு லைசென்ஸ்.

வீட்டில் இருந்தாலே குற்றமா?

ஆயுதம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அது தன் ஆதீனத்தில் இருக்கவும் வேண்டும். அப்போதுதான் குற்றம் என்று 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. கையில் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. பரணில் கிடப்பது தெரிந்து, எடுக்கிற அதிகாரமும் இருந்தால் போதும்.

லைசென்ஸ் வைத்திருந்த தகப்பனார் காலமாகிவிட்டாரா? துப்பாக்கியை மகன் வீட்டில் பூட்டி வைக்கக் கூடாது. தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினால் பிறகு திரும்பப் பெறலாம்.

மலைக் கிராமங்களில் போலீஸார் அவ்வப்போது கெடு வைத்து, நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வதுண்டு. தாமாகக் கொடுப்பவர்மீது வழக்கில்லை என்றும் அறிவிப்பார்கள். அந்தச் சமயத்தை நழுவ விடலாகாது.

பன்றி அழிப்பது ஒரு போக மகசூல். பிடிபட்டால் போவது குறைந்தது இரண்டு வருஷ மகசூல். உழுது விதைக்க வீட்டில் ஆளும் இருக்காது!