ஸைத் பின் ஹாரிஸா (ரழி): வாழ்வும் வம்சமும்

மாணவர்களே! ஸஹாபாக்களின் பெயர்களில் வரும் "பின்" என்ற சொல்லுக்கு "இன்னாரின் மகன்" என்பது பொருள். ஸைத் (ரழி) அவர்கள் தமது வாழ்நாளில் அச்சொல்லின் பின்னால் இருவரின் பெயர்களைத் தாங்கியவர். அது ஏன் என்பதை விளங்கிக் கொண்டால் அவரது வரலாறு இலகுவில் மனதில் பதியும்.

இவர் குறைஷியர் அல்லர். தந்தை ஹாரிஸா பின் ஷராஹீல், கல்ப் கோத்திரத்தவர். தாய் ஸுஃதா பின்த் ஸஃலபா, தய் கோத்திரத்தவர். சிறுவயதில் தாயுடன் அவரது உறவினரிடம் சென்றிருந்தபோது கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, உகாழ் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டார். வாங்கியவர் ஹகீம் பின் ஹிஸாம். தமது மாமியாகிய கதீஜா (ரழி) அவர்களுக்காக வாங்கினார். கதீஜா (ரழி) அவர்கள் பின்னர் ஸைதை முஹம்மத் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்புச் செய்தார்கள்.

மகனைத் தேடி அலைந்த தந்தைக்கு, ஹஜ்ஜுக்கு வந்த கோத்திரத்தார் மூலம் தகவல் கிடைத்தது. அவர் தம் சகோதரர் கஃபுடன் ஈட்டுப் பணத்தைச் சுமந்து மக்கா வந்தார். நபியவர்கள் பணம் கேட்கவில்லை. முடிவை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் நபியவர்களுடன் இருப்பதையே விரும்பினார். சொந்தத் தந்தையையும் சுதந்திரத்தையும் விட்டு அடிமைத்தனத்தையா தேர்ந்தெடுக்கிறாய் எனத் தந்தை திகைத்தார். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அப்போது நபியவர்கள் ஸைதை கஃபாவின் அருகே அழைத்துச் சென்று, இவர் என் மகன், என் வாரிசு என அறிவித்தார்கள். தந்தையும் மனம் ஆறித் திரும்பினார். இது நுபுவ்வத்துக்கு முன்னர் நடந்தது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அன்று முதல் மக்கள் அவரை "ஸைத் பின் முஹம்மத்" என்றே அழைத்தனர்.

மதீனாவில் ஸூரா அல்-அஹ்ஸாபின் 5ஆம் வசனம் இறங்கியது. வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அவர் மீண்டும் "ஸைத் பின் ஹாரிஸா" ஆனார். வாரிசுரிமை, திருமண உறவு ஆகிய சட்டங்களும் இதனுடன் தொடர்புடையவை. நபியவர்களின் மாமி மகள் ஸைனப் (ரழி) அவர்களை ஸைத் மணந்து விவாகரத்துச் செய்த சம்பவம் அதே ஸூராவின் 37ஆம் வசனத்தில் வருகிறது. அல்குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே ஸஹாபி இவரே. பரீட்சையில் அடிக்கடி எதிர்பார்க்கக்கூடிய வினா இது. அல்குர்ஆனைத் தொகுத்த ஸைத் பின் ஸாபித் (ரழி) வேறொருவர், குழப்பிக் கொள்ளாதீர்கள்.

பெயர் மாறினாலும் நபியவர்களின் அன்பு மாறவில்லை. ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) 3000 பேர் கொண்ட படைக்கு ஸைதையே முதல் தளபதியாக நியமித்தார்கள். இன்றைய ஜோர்தானிலுள்ள முஃதாவில் அவர் ஷஹீதானார். உம்மு ஐமன் (ரழி) மூலம் அவருக்குப் பிறந்த மகன் உஸாமா, இருபது வயதளவில் ஹிஜ்ரி 11இல் படைத் தளபதியானார். சிலர் அதனைக் குறை கூறியபோது, முன்னர் இவரது தந்தையின் தலைமையையும் நீங்கள் குறை கூறினீர்கள், அவரோ அதற்குத் தகுதியானவராகவே இருந்தார் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள்.