‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று காத்திருக்க வைக்கலாமா?

டேட்டிங் செயலிகளில் உலாவும் இளைஞர்களிடம் ‘பேக்அப்’ என்றொரு வார்த்தை இருக்கிறது. ஒருவருடன் பழகிக்கொண்டே, அது சரிவராவிட்டால் உதவும் என்று இன்னும் இருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது. நமது பிள்ளைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பெற்றோர் நினைக்கலாம். ஆனால் பெண் பார்த்து, தேநீரும் குடித்து, “பார்த்துச் சொல்கிறோம்” என்று போனவர்கள் மூன்று மாதமாக வாய் திறக்காமல் இருப்பது வேறென்ன? இதைவிட நல்ல இடம் வந்தால் அங்கே போவார்கள். வராவிட்டால் இது கையில் இருக்கிறது.

பல சம்பந்தங்களைப் பரிசீலிப்பது தவறல்ல. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களை முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) இருவரும் பெண் கேட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, உஸாமா (ரழி) அவர்களை மணக்குமாறு கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மறுபக்கம், ஒருவர் பெண் பேசியிருக்கையில் அவர் விட்டுவிடும் வரை அல்லது அனுமதிக்கும் வரை இன்னொருவர் பேசக் கூடாது என்ற தடை, இப்னு உமர் (ரழி) வழியாக புஹாரியில் இருக்கிறது. இரண்டும் முரண் அல்ல என்பது இமாம் ஷாஃபிஈயின் விளக்கம்: ஃபாத்திமா யாருக்கும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை, தடையோ சம்மதம் சொன்ன பிறகுதான்.

சிக்கல் இங்கேதான். நம்மவர்கள் சம்மதமும் சொல்வதில்லை, மறுப்பும் சொல்வதில்லை. “சரிவரும் போலத்தான் இருக்கு” என்று பாதி வார்த்தை விடுகிறார்கள். அதை நம்பி பெண் வீட்டார் வருகிற தரகர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். சம்மதத்தின் பாதுகாப்பு முழுதும் இவர்களுக்குக் கிடைக்கிறது, பொறுப்பு மட்டும் இல்லை.

போனில் தனியே நடப்பது இதைவிட மோசம். “தாத்தாட கலியாணம் முடியட்டும்”, “கட்டார் போய் வரட்டும்” என்று வருடங்கள் ஓடுகின்றன. வீட்டாருக்குத் தெரியாத வாக்கு என்பதால் தட்டிக் கேட்க ஆளில்லை. வயது போவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் கணக்கு.

இஸ்திகாராவையும் சாக்காக இழுக்கிறார்கள். அது இரண்டு ரக்அத்தும் ஒரு துஆவும். கனவு வரும் வரை காத்திருக்க வேண்டும் என்று அந்த ஹதீஸில் இல்லை.

பெண் பார்க்கப் போகும் அன்றே பதில் சொல்லும் நாளையும் பேசிக்கொள்ளலாம். சரிவராவிட்டால், “வேறு இடம் பாருங்கள்” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அனுப்பிய படங்களை போனிலிருந்து அழித்துவிட்டோம் என்றும் சொன்னால் அந்தத் தாய்க்கு இன்னும் நிம்மதி.